சூரியன் கப்பலில் வந்த சீலை

என் மாமா வெள்ளைக்கார ராசாவுக்கே உதவி செய்தவர் என்று பள்ளிக்கூடத்தில் நான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அவர் அம்மாவின் தம்பி. எங்களுக்கு ஊர் களுவாஞ்சிக்குடி. கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவுக்கு வாவியைத் தோணியில் கடந்து போய், கோயில் வீதியில் சீலைக்கடை போடுவார். அம்மாவும் நானும் கூடப் போவோம். ஒரு வருடம் நெல் விற்ற காசு முழுவதையும் யப்பான் சீலையில் போட்டிருந்தார். இங்கிலாந்துச் சீலை பெயருக்கு ஒரு கட்டு இருந்தது. அதன் விலையைக் கேட்டாலே சனம் நடையைக் கட்டிவிடும்.

கடை விரித்த கையோடு அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். பெரிய படமொன்றைக் கொடுத்து முகப்பில் ஒட்டச் சொன்னார். ஒட்டாத கடைக்கு இடமில்லையாம். படத்தில் இங்கிலாந்துக் கப்பல் கரும்புகை கக்கிக்கொண்டு முன்னே வந்தது. யப்பான் கப்பல் செஞ்சூரியன் கொடியோடு திரும்பி ஓடியது. 'அந்நியச் சரக்கை விலக்குவீர், நம் பேரரசின் சரக்கையே வாங்குவீர்' என்று கீழே எழுதியிருந்தது.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. ஒட்டினால் சீலை விலைபோகாது, ஒட்டாவிட்டால் கடையே இல்லை.

"ஒட்டு தம்பி. இடம் போனா எங்க வெச்சு விக்கிற?" என்று சொல்லிப் பசை கிண்டியவள் அம்மாதான்.

வாவிக்கு மேற்கே, கோயில் இருக்கும் படுவான்கரைச் சனத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. சூரியனைத் தெரியாதவர் யார்? விடியலில் வயல் வட்டைக்குள் இறங்குமுன் அவர்கள் கும்பிடுவது அவரைத்தானே. முதலில் வந்த பெண் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இந்தச் சூரியன் கப்பல்ல வந்த சீலை இருக்கா தம்பி?"

"ஓம் அக்கா, இருக்கு."

மாமா பொய் சொல்லவில்லை. கப்பல் ஏன் திரும்பிப் போகிறது என்று யாரோ கேட்டதற்கு, "சாமானை இறக்கிப்போட்டுப் போகுது கா" என்று அவளே விளக்கம் சொன்னாள். புகைக் கப்பல் சீலையை ஒருவரும் தொடவில்லை. கரி பிடித்துக் கிடக்கும் என்று பயந்தார்கள். தேர் வீதி சுற்றி இருப்புக்கு வருவதற்குள் கடை ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

பின்னேரம் உத்தியோகத்தர் வந்து, படத்தின் முன் மொய்த்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். இப்படி விசுவாசமான வியாபாரி இந்தப் பகுதியிலேயே இல்லை என்று எல்லாரும் கேட்க மாமாவைப் புகழ்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மாமாவுக்கு ஏன் வேர்த்தது என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் கடைக்குள் குனிந்தார். மிச்சமிருந்த பச்சை நிற யப்பான் சீலையை எடுத்து, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். வீட்டுக்காரிக்கு என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை அந்த இங்கிலீசுச் சீலை சுத்தி வந்த தாளில சுத்தித் தாங்கோ" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் திரும்பினாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பொன்னெழுத்துப் போட்ட பளபளப்பான தாள் அது. எங்கள் மாமாவின் சீலைக்கு அந்தத் தாள்தான் தகும் என்பது அவ்வளவு பெரிய மனிதருக்கு விளங்கியிருக்கிறதே என்று நினைத்தேன்.