அண்ணனின் புருவம்

டோக்கியோவின் மேற்கே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் உகாய் ஃபுசாயே இருபத்தேழு வருடமாக வண்ணம் பூசினாள். கண்ணாடி மாதிரித் தாளில் முன்பக்கம் கோடு இருக்கும்; பின்பக்கம் திருப்பி நிறத்தை நிரப்ப வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தாள். தினமும் காலையில் வீட்டுப் புத்தர் மாடத்தில், போரில் இறந்த அண்ணன் தத்சுவோவின் படத்துக்கு முன்னால் முதல் பிடி சோற்றை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தன் வாயில் பருக்கை போடுவாள். இப்போது வண்ணப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. வண்ணம் பூசிய தாள்களை உறையில் போட்டு அனுப்புவார்கள்; கையெழுத்துக்குப் பதிலாக அவளுடைய பெயர் முத்திரை சிவப்பாக விழாத உறை எதுவும் கேமராவுக்குப் போகாது.

டைரக்டர் இவாகுராவுக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் விமானப் பைத்தியம். படத்தில் வரும் விமானத்தின் எண்ணெய் அளவுமுள் எந்தப் பக்கம் சாயும், இறக்கையில் எத்தனை ஆணி என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். அந்த விமானம் மேகத்துக்குள் புகுந்து திமிங்கிலங்களோடு நீந்தினால் மட்டும் பரவாயில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முத்திரைக்கு வந்த உறையைப் பிரித்ததும் ஃபுசாயேயின் கை நின்றது. வண்ணம் பூசி முடிந்த நூற்றுப் பன்னிரண்டு தாள். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானி ஒருவன் சோற்று உருண்டையைக் கடித்துச் சிரிக்கிறான். அவனுடைய இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது.

பன்னிரண்டு வயதில் அரிவாள் பட்டு அறுந்த புருவம் அது. தத்சுவோவின் புருவம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது இவாகுரா வீட்டுக்கு வந்தார். ஊதுபத்தி ஏற்றினார், மாடத்தின் முன் வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்து அவளும் நெகிழ்ந்துபோனாள். மனிதர் கண்ணாலேயே படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

உறையை எடுத்துக்கொண்டு நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"இது யாரு முகம்?"

"கதாநாயகன் முகம்."

"எங்க வீட்டு மாடத்துல இருக்கிற முகம். கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

இவாகுரா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "கேட்டா குடுத்திருப்பீங்களா? நல்ல முகம், உகாய்-சான். பறக்கப் பொறந்த முகம்."

"அவன் விமானத்துல ஏறினதே இல்ல. அடியில படுத்து ஆணி முறுக்கினவன். நியூகினிக் காட்டுல பசியில செத்தான். அஸ்தின்னு எங்களுக்கு வந்த பெட்டியில ஒரு கல்லுதான் இருந்துச்சு."

"அதனாலதான் இங்கயாவது வயிறாரச் சாப்பிடுறாரு. அவருக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்?"

"அவனுக்குச் சோறு வைக்க நான் இருக்கேன். நீங்க வேண்டாம்."

சுற்றி எல்லாத் தூரிகையும் நின்றுவிட்டது.

"ஆணி எத்தனைன்னு எண்ணத் தெரியுது. ஒரு மனுஷன் எப்படிச் செத்தான்னு கேக்கத் தெரியல," என்றாள் ஃபுசாயே. "புருவத்தைச் சேருங்க. வேற யாராவது ஆகட்டும்."

"அந்த வெட்டு போச்சுன்னா முகமே போச்சு."

"அப்ப முத்திரை கிடையாது."

"உங்க பேருக்கே வேற முத்திரை வாங்கிக்கிறேன். கடையில அடுக்கி வச்சு விக்கிறான்."

"சாத்தோ, சுசுகின்னு ஊரெல்லாம் இருக்கிற பேரைத்தான் விக்கிறான். உகாய்க்குச் சொல்லித்தான் செதுக்கணும். மூணு நாள் ஆகும். கேமரா நாளைக்கு."

முத்திரையை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்ற உறைகளையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, வேலை போயிடும்," என்று பக்கத்து மேசை நொபுயே வாசல்வரை ஓடிவந்தாள்.

"போகட்டும். இருபத்தேழு வருஷமா வராத மூட்டுவலி இந்த வருஷந்தான் வந்திருக்கு. அதுக்கும் ஓய்வு வேணும்ல."

மறுநாள் காலை சோறு வைத்துக் கும்பிட்டபோது அண்ணன் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேலைக்குப் போனாள். இவாகுரா அவள் மேசைக்கு வந்து உறையை எறிந்தார். எறிந்த வேகத்தில் நிறப்புட்டி ஒன்று உருண்டது.

"போதுமா? இப்ப இவன் எவனோ."

நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் புருவத்தின் இடைவெளியைக் கறுப்பால் அவரே அடைத்திருந்தார். கையுறைகூடப் போடாமல், கோபத்தோடு. தாளெல்லாம் விரல் ரேகை.

அவள் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்தாள். அவருடைய ரேகையை மெல்லிய துணியால் துடைத்தாள். மதியம்வரை அவரும் நகரவில்லை, அவளும் நிமிரவில்லை. கடைசித் தாளிலும் அண்ணன் இல்லை என்று தெரிந்த பிறகு முத்திரையை எடுத்து அழுத்தினாள்.

"சோறு?" என்று இவாகுரா குத்தலாகக் கேட்டார். "அதையும் பிடுங்கணுமா?"

"எவனோதானே," என்றாள் ஃபுசாயே. "சாப்பிடட்டும்."

உறையை அவர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிரித்தாள். அதன்பின் அந்த மனிதரை அவள் தன் வீட்டு வாசலில் ஏற்றவே இல்லை.