புது வார்த்தை சொன்னால்தான் வருவாள்

என் மகள் யூகேஜி சேர்ந்த வாரத்தில் அவளுக்கு ஒரு ரகசிய வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். அம்மாவும் அப்பாவும் தவிர யார் பள்ளிக்கு அழைக்க வந்தாலும் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் அவர்களோடு கிளம்ப வேண்டும்.

"தெரிஞ்சவுக வந்தா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவுக வந்தாலும்தான்."

வார்த்தையை அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவளே யோசித்தால் மறக்க மாட்டாள் என்று எங்கோ படித்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்து, "பன்னீர் திராட்சை" என்றாள். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. பன்னீர் திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு தாயும் மகளும் சேர்ந்து செய்யக்கூடிய மடத்தனம் அது. அடுத்த சனிக்கிழமை அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனபோது, தள்ளுவண்டிக்காரர் ஒருவர் "பன்னீர் திராட்ச, பன்னீர் திராட்ச" என்று கூவிக்கொண்டு போனார். மகள் என் கையை விட்டுவிட்டு அவர் பின்னால் நடக்கத் தொடங்கினாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். "அவருக்கு வார்த்தை தெரியுதும்மா" என்றாள் குழப்பத்தோடு. இந்த ஊரில் சீசனுக்கு ஒரு தெருவுக்கு நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம்.

அன்றைக்கே வார்த்தையை மாற்றினேன். தேனியில் யாரும் காரணமில்லாமல் சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும் என்று யோசித்து, 'கப்பல்' என்று வைத்தேன். அவளுக்கும் பிடித்துவிட்டது. அலுவலகம் விட்டு வந்த கணவரிடம் சொன்னேன். முதல் வார்த்தையைச் சொன்னதுபோலவே என் மாமியாரிடமும் சொல்லி, "மாமாகிட்டயும் சொல்லிருங்க அத்தை" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கும் என் மாமனாருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சண்டை எதுவுமில்லை, வழக்கம் அப்படி. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அத்தை, மாமாவைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்பேன். அவர் அதைக் கேட்டுவிட்டு அத்தையிடம், "பாப்பா அம்மாவ ரெண்டு நிமிசம் பொறுக்கச் சொல்லு" என்பார். நானும் அதைக் கேட்டுவிடுவேன். அத்தை நடுவில் எதுவும் சொல்லாமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் எம்.எஸ்சி. படித்தவள். கல்லூரியில் மேடையேறிப் பேசியவள். ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை மாற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

வீட்டில் நான் செய்யும் மற்ற ஏற்பாடுகளைப் பற்றியும் அத்தைக்குக் கேலிதான். அலமாரியின் கீழ்த்தட்டில் டார்ச், மெழுகுவர்த்தி, கைக்குழந்தையான சின்னவனின் மருந்து, சான்றிதழ்களை உறையிட்டு வைத்த பை ஒன்று தயாராக இருக்கும். மழை எச்சரிக்கை என்றால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, போன்களை எல்லாம் சார்ஜில் போட்டுவிடுவேன். வெளியூர் போனால் திரும்பி வரும்வரை யாரும் ஸ்டேட்டஸில் போட்டோ வைக்கக் கூடாது என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "இவ பையக் கட்டி வச்சே மழைய வரவச்சிருவா" என்பார் அத்தை. எனக்கும் சில சமயம் சந்தேகம் வரும். நான் பிறந்த கடமலைக்குண்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெற்றவர்களைக் கேட்காமலே எங்களைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோறு ஊட்டுவார்கள். அப்படி வளர்ந்த நான் என் பிள்ளைக்கு யாரையும் நம்பாதே என்று கற்றுக்கொடுக்கிறேனே, இது சரிதானா என்று படுத்தபின் புரண்டுகொண்டிருப்பேன். காலையில் எழுந்ததும், "வார்த்தை என்ன?" என்று மறுபடி கேட்பேன். அவள் காதோடு வந்து சொல்வாள்.

போன ஐப்பசியில் ஒரு நாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று டவுனில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருந்தேன். கூட்டம் நிறைந்து கிடந்தது. அப்போது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கனமழை எச்சரிக்கை இருப்பதால் மதியத்தோடு விடுகிறோம், முடிந்தவர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வெளியே பார்த்தேன், வெயில் சுள்ளென்று அடித்தது. அத்தைக்கு போன் செய்து மாமாவை அனுப்பச் சொன்னேன். அவர் தன் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று அத்தை சொன்னார்.

எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில், குரங்கணி மலையில் இறங்கி போடி வழியாக வரும் கொட்டக்குடி ஆறு. பெரிய பாலம் வழியாகப் போனால் சுற்று. தரைப்பாலம் வழியாகப் போனால் சட்டென்று போய்விடலாம். வருசத்தில் பாதி நாள் ஆற்றில் தண்ணீரே இருக்காது, ஆடு மேயும். மாமா தரைப்பாலத்தில்தான் போவார். அவர் சைக்கிள் பழகியதே அதன்மேல்தான் என்பார்.

அவர் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் என் கணவரின் குரல் செய்தி வந்தது. அவர் போடியில் ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்.

"இங்கன மலை தெரியலடி. குரங்கணிப் பக்கம் காலையில இருந்து ஊத்துதாம். ஆத்துல தண்ணி செவப்பாப் போகுது. பாப்பாவக் கூப்பிட யாரும் போனா சுத்திப் போகச் சொல்லு."

வருசநாட்டு மலையில் பெய்தால் நான் பிறந்த ஊர் ஆற்றில் வெயிலோடு தண்ணீர் வரும். நாங்கள் வானத்தைப் பார்க்க மாட்டோம், மலையைத்தான் பார்ப்போம். தேனிக்காரர்கள் தலைக்குமேல் இருக்கும் மேகத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள். மாமாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார். நல்ல பழக்கம்தான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு ஆகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். குழந்தை அழுதது. மகளைக் கூட்டிக்கொண்டு இந்நேரம் திரும்பியிருப்பார், தரைப்பாலத்தில் இறங்கியிருப்பார் என்று மனசு ஓடியது.

அப்போது வகுப்பு ஆசிரியை அழைத்தார்.

"மேடம், உங்க மாமனார் வந்திருக்காரு. பாப்பா போக மாட்டேங்கிறா. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஏதோ வார்த்தை சொல்லணுமாம்ல?"

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "ஏ ஆத்தா, தாத்தாதானடி? பன்னீர் திராட்சன்னு சொல்லிட்டேன்ல?"

"அது பழசு தாத்தா. புதுசு சொல்லுங்க."

"புதுசா? எங்கிட்ட எவஞ் சொன்னான்?"

"அப்ப நான் வர மாட்டேன்."

வாசலில் நின்ற மற்ற பெற்றோர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், "பெருசு, ஆதார் கார்டக் காட்டிப் பாருங்க" என்றார். மாமா ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் மனிதர். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே கூசியது. ஆனால் அதற்கு மேலாக இன்னொன்று தோன்றியது. அவர்கள் இன்னும் பள்ளி வாசலில்தான் இருக்கிறார்கள். ஆற்றில் இல்லை.

"மிஸ், போனை மாமாகிட்டக் குடுங்க" என்றேன்.

அவர் வாங்கினார். அத்தை நடுவில் இல்லாமல் அவரோடு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா, நான்தான்."

"ம்."

"வார்த்தை கப்பல் மாமா."

"என்னது?"

"கப்பல். அதைச் சொன்னா வந்துருவா."

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "கப்பல்" என்று உரக்கச் சொன்னார். அந்த வெயிலில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில். என் மகள் "சரி தாத்தா" என்று கேட்டை விட்டுவிட்டதை ஆசிரியை பிறகு சொன்னார்.

"மாமா, இன்னொண்ணு. தரைப்பாலம் வழியா வர வேணாம். பெரிய பாலம் சுத்தி வாங்க."

"எதுக்கும்மா? இப்பத்தேன் அங்கிட்டுக் கூடி வந்தேன். சொட்டுத் தண்ணி இல்ல. ஆடு மேயுது."

"மேல பேஞ்சிருச்சு மாமா. போடியில இருந்து அவுக சொன்னாக. தண்ணி வந்துக்கிட்டு இருக்கும்."

"வெயில் அடிக்குதேம்மா இங்கன."

"வெயில் அடிச்சாலும் வரும் மாமா. எங்க ஊர்ல நான் பாத்திருக்கேன். பாப்பா இருக்கா. சுத்தியே வாங்க."

நான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பேசி முடித்ததும்தான் உறைத்தது. வேண்டுகோளாகச் சொல்லியிருக்கலாம். அத்தையை விட்டுச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்த முதல் நாளே உத்தரவு போட்டுவிட்டேன், அதுவும் அவர் பிறந்து வளர்ந்த ஊரின் ஆற்றைப் பற்றி. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சரி எதற்கான சரி என்று தெரியவில்லை.

மருத்துவர் குழந்தையைப் பார்த்து மருந்து எழுதினார். அவர் சொன்னது ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை, இரண்டாம் முறை கேட்டு எழுதிக்கொண்டேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். தரைப்பாலம் பக்கம் போகும் சாலையின் திருப்பத்தில் ஆட்களும் வண்டிகளும் நின்றிருந்தன. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாலத்து மேல தண்ணி போகுதுக்கா. இப்பத்தேன் வந்துச்சாம், ஒரே இழுப்பு" என்று வண்டியைத் திருப்பினார்.

"யாராவது மாட்டிக்கிட்டாகளா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஆட்ட ஓட்டிக் கரையேத்திட்டாகளாம்."

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். அவர்கள் வந்து சேரவில்லை. மொபெட்டில் சுற்றி வந்திருந்தாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். அத்தை அன்றைக்கு ஒரு கேலியும் செய்யவில்லை. குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்து, அந்தப் பையை எடுத்து, மறுபடி வைத்தேன். அதில் இருந்த எதுவும் அப்போது எனக்கு உதவுவதாக இல்லை.

மொபெட் சத்தம் கேட்டது. மகள் முன்னால் நின்றபடி வந்தாள். தலையில் தாத்தாவின் துண்டு.

"எங்கங்க போனீக இவ்வளவு நேரம்?" என்று அத்தை சீறினார்.

"பெரிய பாலத்துல வண்டிய ஓரங்கட்டிப் பிள்ளைக்குத் தண்ணி வாரதக் காட்டினேன். காட்டணும்ல?" என்றார் மாமா. பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "கோரப்புல்லெல்லாம் மூழ்கிப் போச்சு. நான் வந்த தடமே தெரியல. வெயில் அடிக்குது, தண்ணி வருது. அப்பிடியே ஒரு சத்தம்."

மகள் என்னிடம் ஓடி வந்து, "தாத்தா மொதல்ல தப்பாச் சொன்னாரும்மா. நான் போகவே இல்ல" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அழவில்லை. அழுதால் அவள் செய்தது தப்பு என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "சொந்தத் தாத்தாவையே நம்பாத பிள்ளையா வளக்குறாளே" என்று அடுப்படியில் முணுமுணுத்தார். அதைக் கேட்டுக் கூடத்திலிருந்து மாமா சொன்னார்: "நீ எங்கிட்டப் புதுச மறைச்சதுக்கு நாந்தேன் வாசல்ல நின்னேன். பிள்ள சரியாத்தேன் நின்னா."

வார்த்தை மாறியதை அத்தை மறைத்தாரா, சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நானே நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் உண்மைதான்.

பெருமையாக இருந்தது என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் வராமல் போயிருந்தால் நான் மாமனாரை ஊர்சுற்ற வைத்த மருமகளாகத்தான் இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னப் பெண், தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த தாத்தா எதிரில் நின்று கெஞ்சியும், சுற்றியிருந்த பெரியவர்கள் சிரித்தும், அம்மா சொன்னதை விடாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. பிறந்த நாளிலிருந்து பார்த்த ஆற்றை விட்டுவிட்டு, அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத மருமகள் சொன்னாள் என்று வண்டியைத் திருப்பினாரே ஒரு பெரிய மனுசர். இரண்டு பேரும் என் வீட்டு ஆட்கள். மறுநாள் டீக்கடையில், "எம் மருமக கடமலைக்குண்டுக்காரி, மலையப் பாத்தே தண்ணியச் சொல்லிருவா" என்று அவர் பேசிக்கொண்டிருந்ததாக எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னார். நான் மலையை எங்கே பார்த்தேன், மருத்துவமனையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அக்காவிடம் அதைத் திருத்தவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கப்பல் என்ற வார்த்தை இப்போது ஆசிரியை, காவலாளி, பாதி ஊர் எல்லாருக்கும் தெரியும். மகளும் நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்து வேறொன்றை முடிவு செய்தோம். இறங்கி வந்து சாயங்காலக் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்படி நிலைக்கு வெளியே நிழல் தெரிந்தது. மாமா நின்றிருந்தார். அங்கே அவர் வந்து நான் பார்த்ததில்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்.

"புது வார்த்த என்னம்மா?" என்று கேட்டார்.

அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"நெனப்புல நிக்குமான்னு தெரியலயே. எழுதி வச்சுக்கிறவா?"

"எழுதக் கூடாது மாமா."

"சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தார்.