மிஷினுக்குப் போர்த்திய துண்டு

பிள்ளைகளே, எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் புது மோட்டார் வாங்கினால் என்ன செய்வோம் தெரியுமா? சந்தனம், குங்குமம் வைத்து, தூசி படாமல் போர்த்திவிடுவோம். டிராக்டரோ மிக்ஸியோ... மரியாதை ஒன்றுதான்!

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி அண்ணன் வீட்டுக்கும் ஒரு மிஷின் வந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருவது. நுரையீரல் பழுதான அண்ணனுக்கு இனி அதுதான் துணை. அவர் மனைவி ருக்மணி அக்கா விடுவாரா? சுற்றிலும் பொட்டு வைத்து, பூப்போட்ட டர்க்கி டவலைப் போர்த்திவிட்டார்.

மறுநாளே மிஷின் கீ... கீ... என்று கத்தியது. அண்ணனுக்கு ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அவர்கள் சொன்னபடி, மிஷினோடு கொடுத்திருந்த அவசர ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தீர்ந்துவிட்டால்?

வந்தது டாக்டர் இல்லை. டூல் பேக்குடன் ஸ்கூட்டரில் ஒரு பெண். ஆஸ்பத்திரி மிஷின்களைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் இன்ஜினீயராம்.

"ஏனுங்க்கா, இதுக்குக் குளிருதுன்னு சொல்லுச்சுங்களா?" — துண்டை உருவிக்கொண்டே கேட்டாள்.

"தூசி உழுகுமில்லீங்க அம்மணி..." என்றார் அக்கா.

"இந்தச் சல்லடை வழியாத்தான் இது காத்தை இழுக்குதுங்க. அண்ணனுக்கு மூச்சு வேணும்னா, மொதல்ல இது மூச்சு உடோணுமுங்க!"

சல்லடை முழுக்கக் குங்குமமும் துண்டின் நூலும். வேறு சல்லடை மாட்டி, சுவரை ஒட்டியிருந்த மிஷினைத் தள்ளி வைத்து ஓடவிட்டாள். வருகிற ஆக்சிஜனை அளந்தாள். விரலில் கிளிப் மாட்டி அண்ணனையும் அளந்தாள்.

"பொட்டு முன்னாடி மட்டும் வெய்யுங்க்கா. வெளக்கு, ஊதுபத்தி இந்தப் பக்கமே வேண்டாமுங்க, ஆக்சிஜன் இருக்கற எடத்துல நெருப்பு ஆகாதுங்க."

அண்ணன் மெல்ல நிமிர்ந்தார். "ஏம் புள்ள, மிஷினுக்குப் போத்துன துண்டை என்னைக்காச்சும் எனக்குப் போத்துனியா?"

நடுவில் நிற்காமல் ஒரு முழு வாக்கியம்! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "திட்டட்டுமுங்க... நல்லாத் திட்டட்டும்."

நான் பத்தாவதோடு நின்றவன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் டாக்டராவதா, இன்ஜினீயராவதா என்று எங்கள் வீட்டில் தினமும் பட்டிமன்றம். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு படிப்பு இருப்பது யாருக்குத் தெரிந்தது? ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடியே ஒருவருக்கு மூச்சைத் திருப்பித் தரலாமே! நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் எழுந்தாள். நேராகப் போய், எங்கள் இன்வெர்ட்டர் மேல் போர்த்தியிருந்த பழைய சேலையை உருவினாள்.

"இதும் மூச்சு உடட்டுங்கப்பா."

பட்டிமன்றம் முடிந்தது!