மூன்றாவது சிலிண்டர்

என் தங்கையின் கணவர் புசல்லாவை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். போன மழைக்காலத்தில் மேல் தட்டிலிருந்து சவர்க்காரப் பெட்டியை இறக்கப் போய், ஏணி சறுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஒபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகும், கிழமைக்கு இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள்.

நான் கம்பளைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன். என் பழைய கார் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் வீட்டில் சும்மா நிற்கும். "நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று தங்கையிடம் சாவியைக் கொடுத்தேன். லைசன்ஸ் எடுத்தும் ஓட்ட வண்டி இல்லாமல் இருந்தவள் அவள். முதல் தடவை கண்டி போய்த் திரும்பிய அன்று, இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாக நின்று பேசினாள். அந்த முகத்தை நான் பார்த்தவன். அதனால்தான் பிறகு நடந்தது இன்னும் உறுத்துகிறது.

ஒருநாள் மத்தியானம் கந்தோரில் வேலையாக இருக்கும்போது அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணே, கம்பளை தாண்டி ஏத்தத்துல நிக்கிறோம். வண்டி இழுக்குதில்ல."

"எந்தக் கியர்ல போட்டிருக்க?"

"ரெண்டுலதான். மிதிச்சா குலுங்குது, திக்கித் திக்கிப் போகுது. மஞ்ச லைட் வேற மின்னுது."

"அந்த லைட் எப்பவும் எரியிறதுதான்."

"எரியலண்ணே, மின்னுது. விட்டு விட்டு மின்னுது."

பின்னால் ஏதோ பஸ் விடாமல் ஹோர்ன் அடிப்பது எனக்குக் கேட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாய், காலை முழுசாக எடு என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். பின் சீட்டில் காலை நீட்டியபடி அவள் கணவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

அவள் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மெல்ல உருட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

வேலை விட்டு வந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கார் வாசலில் ஆறிப்போய் நின்றது. தனியாக ஏறி, டவுன் வரைக்கும் சமதரையில் ஓட்டித் திரும்பினேன். ஒரு குலுக்கலும் இல்லை. வாசலில் தங்கையும் அவள் கணவரும் அவர் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "ஓட்டுற ஆளப் பொறுத்தது."

"நீங்க ஏத்தத்துல ஓட்டிப் பாக்கலியேண்ணே."

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஏத்தமென்ன, சமதரையென்ன?"

அதைச் சொல்லும்போது சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் வாய் திறந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன் தம்பி, பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு. காலு முறிஞ்ச மனுசன வச்சுக்கிட்டு எங்கயாவது பள்ளத்துல விட்டிருந்தா?" நான் மறுத்துப் பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தங்கை கார் கேட்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு காலையில், நான் போகும் பஸ்ஸிலேயே அவர்கள் ஏறினார்கள். நான் பின்பக்கம் ஜன்னலோரம் இருந்தேன். முதலில் ஊன்றுகோல்கள் உள்ளே வந்தன. பிறகு அவர், கம்பியைப் பிடித்து, நல்ல காலை மட்டும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். கீழே நின்று தங்கை அவர் இடுப்பைத் தாங்கினாள். கொண்டக்டர் முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். தங்கை பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் காலில் யாரும் இடித்துவிடாமல் இருக்கத் தன் உடம்பைக் குறுக்கே கொடுத்தாள். நான் எழுந்து போயிருக்கலாம். பிடிவாதக்காரி, கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றா சொன்னேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கம்பளையில் பின்கதவால் இறங்கினேன். அவள் என்னைப் பார்த்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கண்டிக்குப் போய், அரிசி மூட்டையும் பெயின்ட் வாளிகளும் ஏற்றிக்கொண்டு வந்தோம். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கி இரண்டு வளைவு போயிருக்கும். அக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி முன்னால் போவதற்குப் பதிலாக உதறியது. இன்னும் மிதித்தால் இன்னும் உதறல். வேகம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னியது. இரண்டாம் கியர், கிளச்சில் கால் இல்லை. நான்தான் ஓட்டினேன்.

ஓரமாக நிறுத்தினேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தங்கச்சி இதத்தான் சொல்லிச்சு" என்றாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, நான் வழக்கமாகப் போகும் கம்பளைக் கராஜில் காரைக் கொண்டுபோய் விட்டேன். கராஜ்கார முஸ்லிம் நாநா கையடக்கக் கருவியை மாட்டிப் பார்த்து, மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றார். எரிகிற தீப்பொறியில் பிழையா, பெற்றோல் வருவதில் பிழையா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தீப்பொறிக்கான மின்சாரம் அனுப்பும் கொயில் ஒன்று இருக்கிறது. மூன்றாவதின் கொயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதினுடையதை மூன்றாவதில். இருவரும் ஏறி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மறுபடி அதே ஏற்றத்துக்குப் போனோம். உதறியது. இந்தத் தடவை கருவி முதலாவது சிலிண்டரைக் காட்டியது. பழுது கொயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது.

"கொயில்தான் சேர். குளிரா ஈக்கக்குள்ள, சமதரையில, இது காட்டாது. சூடாகிப் பாரம் இழுக்கக்குள்ளதான் பொறி வெளியால பாயும்."

நான் ஆறிய எஞ்சினை, வெறும் காரில், சமதரையில் ஓட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்து பொனட்டைத் திறந்து, மூன்றாவது பிளக் இருக்கும் குழிக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒயில் தேங்கிக் கிடந்தது. கொயிலின் ரப்பர் அதில் ஊறி வீங்கியிருந்தது.

"எஞ்சின் மேல் மூடி, இந்த டெப்பட் கவர் வழியா ஒயில் இறங்கீக்கி. போன சேவிஸ்ல நான் சொன்ன தானே, மாத்துவோமான்டு?"

சொல்லியிருந்தார். பிறகு பார்க்கலாம் என்று சொன்னவன் நான்தான்.

"லைட் மின்னக்குள்ள ஓரமா நிப்பாட்டினது நல்லது சேர். அப்பிடியே மிதிச்சுப் போயிருந்தா சைலன்சர் பக்கம் எல்லாம் எரிஞ்சு நாசமாயீக்கும்." நான் நிறுத்தியதைத்தான் அவர் சொன்னார். எனக்கு முன்பு அதே ஏற்றத்தில் நிறுத்திய ஒருத்தி இருக்கிறாள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

கொயிலையும் கவரையும் மாற்றி முடிந்ததும் காரைத் தங்கை வீட்டுக்கே ஓட்டிப் போனேன். அவள் கணவர் கதிரையில் இருந்து காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மாமியாரும் இருந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அத்தை, அன்னிக்குத் தங்கச்சி ஓட்டினதுல ஒரு பிழையும் இல்ல. வண்டிதான் பழுது. அதுவும் நான் கவனிக்காம விட்ட பழுது."

"அத விடுங்க மச்சான்" என்றார் அவள் கணவர், அவசரமாக.

தங்கை தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். "என்ன பழுதாம்?" என்று கேட்டாள். சொன்னேன். மூன்றாவது சிலிண்டர், கொயில், ஒயில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அன்னிக்கு இன்னுங் கொஞ்சம் மிதிச்சிருந்தா?" என்றாள். சைலன்சர் பக்கமெல்லாம் எரிந்து நாசமாகியிருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவியை நீட்டியபோது வாங்கியது மாமியார். வாங்கி என் கையிலேயே திரும்ப வைத்தார். "சரி தம்பி, பழுது பாத்தாச்சுல்ல. இருந்தாலும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு." நான் என்ன சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. அதை அவர் மனதில் போட்டதே நான்தானே.

அதனால் லீவு எடுத்து நானே ஓட்டுகிறேன். போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அவள் கணவர் பேராதனையில் நிறுத்தச் சொன்னார். "மச்சான், அவ ஓட்டட்டும். அம்மாதான் இங்க இல்லியே" என்றார். தங்கை கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறினாள். நன்றாக ஓட்டினாள், என்னைவிட நிதானமாக. கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள்.

"இதுக்கு மேல நீங்க ஓட்டுங்கண்ணே."

"வண்டி இப்ப நல்லா இழுக்குதும்மா. பயப்படாத."

"தெரியுது. இழுக்குது. ஓட்டுற ஆளப் பொறுத்ததுதானே" என்றாள். இறங்கிப் போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

நான் இடம் மாறி ஓட்டினேன். எஞ்சின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு அவள் கணவர்தான், "ரேடியோவையாவது போடுங்க மச்சான்" என்றார்.