ஐந்தாவது துடிப்பு

படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானும் பேய் என்றால் கிண்டலடித்துத் திரிந்தவன்தான். படித்தது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ஆனால் போன வருடம், ஆவடிப் பக்கம் எங்கள் காலேஜ் லேபில் இது நடந்தது. எனக்கே நடந்தது.

கடைசி வருட புராஜெக்டுக்காக நானும் டில்லிபாபுவும் சின்னதாக ஒரு ஈசிஜி மெஷின் செய்தோம். டில்லி சேக்காட்டுப் பையன். சோதித்துப் பார்க்க ஓர் உடம்பு வேண்டுமே? அவன்தான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவான். அவன் கிராஃபில் ஒன்பது துடிப்புக்கு ஒருமுறை ஒரு கோணல் துடிப்பு வந்தது.

"இன்னா மாமே, என் நெஞ்சுல எதனா கோளாறு கீதா?"

"வயர் லூசுடா. ஆடாம உட்காரு."

மறுநாள் ரிவ்யூ. கிராஃப் சுத்தமாக இருந்தால்தான் மார்க். புரோகிராமில் நாலு வரி எழுதி அந்தக் கோணலை அழித்துவிட்டேன். கைதட்டல் கூட வாங்கினோம்.

பன்னிரண்டாம் நாள் பஸ் ஸ்டாப்பில் விழுந்தான் டில்லி. எழுந்திருக்கவே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். என்னால்தான் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மெஷினை ஒப்படைக்க லேபுக்குப் போனேன். தனியாக. மாலை 5:40. கடைசியாக ஒருமுறை சுவிட்சைப் போட்டேன்.

பீப்.

வயர்கள் மேஜைமேல் சும்மா கிடந்தன. திரையில் துடிப்பு ஓடியது.

நான் அழித்த கோணலும் வந்தது...

எண்ணினேன். ஒன்பது இல்லை. ஐந்துக்கு ஒன்று.

கரண்ட் வயரைப் பிடுங்கினேன்.

பீப்... பீப்...

"மன்னிச்சுடுடா டில்லி!"

5:51. நின்றது.

மெஷினில் பதிவாகியிருந்ததைத் தாளில் எடுத்துக்கொண்டு இதய டாக்டர் ஜெகதீசனிடம் ஓடினேன். நான் கோணலை அழித்ததைச் சொல்லி அழுதேன். தாளை நீட்டினேன். அவர் திட்டவில்லை.

"அவனுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரும். உடனே கூட்டிட்டு வா."

தங்கை விஜி மட்டும்தான். "எனுக்கு ஒன்னியும் இல்லண்ணா," என்று சொல்லிக்கொண்டேதான் ஈசிஜி எடுக்கப் படுத்தாள். அன்றே அட்மிட் செய்தார்கள். பிழைத்துவிட்டாள்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். நான் கொடுத்த தாளையும் விஜியின் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஒரு கோடுகூட விலகவில்லை. ஐந்துக்கு ஒன்று.

"நீ கொண்டுவந்தது இந்தப் பொண்ணோடது. முன்னாடியே எடுத்துட்டு ஏன் சொல்லல?"

விஜிக்கு அதுவரை யாருமே ஈசிஜி எடுத்ததில்லை.