எழுதியவர் டோரீன்

எங்கள் ஆபீசில் டோரீனைப் பற்றிக் கேட்டால், காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவள், கேன்டீன் காபியைத் திட்டிக்கொண்டே இரண்டாவது கப் வாங்குகிறவள் என்பார்கள். அவள் எழுதும் புரோகிராமைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவள் எழுதியது என்று எங்கேயும் இல்லையே, எப்படிச் சொல்வார்கள்?

அது 2003. பிரிண்டர்களை இயக்கும் ஒரு புரோகிராமில் நாங்கள் ஏழு பேர் வேலை செய்தோம். அதை நிர்வகித்தவர் வெளிநாட்டில் இருந்த நோரா என்ற அம்மாள். யாராவது ஒரு பிழையைச் சரிசெய்தால், மாற்றிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அவருக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பேட்ச் என்று பெயர். வந்து குவியும் அஞ்சல்களைப் பிரிக்க நோரா ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார். அது அஞ்சலுக்குள் இருக்கும் பேட்ச்சைத் தனியே எடுக்கும். அஞ்சலை அனுப்பியவர் யாரோ, அவரையே எழுதியவர் என்று பதிந்துகொள்ளும்.

வம்பு அங்கேதான். எங்கள் ஆபீசில் வெளியே அஞ்சல் போக ஒரே முகவரிதான், டீம் லீடர் தேசிகன் சாருடையது. நாங்கள் எழுதிக் கொடுப்போம், அவர் அனுப்புவார். ஏழு பேர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதெல்லாம் உலகத்தின் கண்ணில் தேசிகன் எழுதியது. தனி ஆளாக எப்படி இவ்வளவு செய்கிறீர்கள் என்று நோரா ஒருமுறை வியந்து எழுத, அதையும் மனிதர் சிரித்துக்கொண்டே எங்களுக்குப் படித்துக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டோரீன் காண்ட்ராக்டில் இருந்தாள். மாதக் கடைசியில் அது முடிகிறது. நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "பிராஜெக்ட்ல உங்க பேர்ல ஒரு பேட்ச்கூட இல்லையேம்மா" என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார். தேசிகன் சாரும் போய்ப் பேசிப் பார்த்தார். ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பேச்சு என்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியுமேம்மா" என்றார் அவர், ஏதோ அது போதும் என்பதைப் போல.

அழப் போகிறாள் என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். அவளோ நோராவின் கருவியை இறக்கி, வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்தக் கருவியும் பிராஜெக்டைச் சேர்ந்ததுதான். அதை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்.

"யார் அனுப்பினாங்கன்னு பார்க்குது பாமா. யார் எழுதினாங்கன்னு கேக்கவே மாட்டேங்குது" என்றாள் என்னிடம். "கேக்க வெச்சிடலாம்."

அவள் செய்த மாற்றம் எளிமையானது. அஞ்சலுக்குள் முதல் வரியில் 'ஃப்ரம்' என்று போட்டு ஒரு பெயர் இருந்தால், கருவி அவரையே எழுதியவராகக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி. தன் பெயரை முதல் வரியில் போட்டு, அந்தப் பேட்ச்சை தேசிகன் சாரிடம் கொடுத்தாள்.

மறுநாள் நோராவின் பதில் வந்தது. நல்ல யோசனை, திருத்திய கருவியில் உங்கள் அஞ்சலையே ஓட்டிப் பார்த்தேன், எழுதியவர் தேசிகன் என்றுதான் வருகிறது என்றிருந்தது.

டோரீன் முகம் செத்துப்போயிற்று. அனுப்பிய அஞ்சலைத் திறந்து பார்த்தோம். அவள் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியில் "ரெஸ்பெக்டட் மேடம்" கைகூப்பிக்கொண்டு நின்றது.

"சார், இத நீங்க சேத்தீங்களா?"

"பின்னே? பெரியவாளுக்கு மொட்டையா அனுப்பறதாம்மா?"

எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். டோரீனோ, சார் இதுவரை அனுப்பிய அஞ்சல்களையெல்லாம் திறக்கச் சொல்லி, அவற்றின் தலைப்பகுதியை மட்டும் படித்தாள். ரெஸ்பெக்டட் சார், நமஸ்காரம், தங்கள் நலமறிய ஆவல். ஒரு தை மாதத்தில் பேட்ச்சுக்கு மேலே பொங்கல் வாழ்த்து. படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவர மாத்த முடியாது, பாமா. கருவிக்குத்தான் மரியாதை கத்துக்குடுக்கணும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாள். இப்போது கருவி, மேலே எத்தனை கும்பிடு இருந்தாலும் பொறுமையாகத் தாண்டிப் போய், பேட்ச் தொடங்கும் இடம்வரை எழுதியவர் பெயரைத் தேடும். தேசிகன் சார் வழக்கம்போல ரெஸ்பெக்டட் மேடம் போட்டார். போகிற போக்கில் நோராவின் உடல்நலமும் விசாரித்தார். நாங்கள் தடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவருடைய மேஜையிலிருந்து குரல் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் பிராஜெக்டின் பதிவுப் பக்கத்தை மெதுவாகப் படித்தார்.

"எழுதியவர், டோரீன் ஜோசப். அனுப்பியவர், தேசிகன். ஏத்துக்கப்பட்டது."

டோரீன் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து டீமே எட்டிப் பார்த்தது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அவள் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். மாதக் கடைசிக்கு முன்பே நிரந்தர உத்தரவு வந்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, பேட்ச் ஏற்கப்பட்ட அன்றே மத்தியானம் நடந்தது. அடுத்த பேட்ச்சை அனுப்ப உட்கார்ந்த தேசிகன் சார், ரெஸ்பெக்டட் மேடம் என்று அடித்துவிட்டு நிறுத்தினார். எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது யார் எழுதினது?"

அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன்.