பம்பரத்துக்கு வந்த கோர்ட்டு

மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கும் அந்தக் கிடங்கில் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. லாரி வந்தால் கதவருகே இருப்பார். அடுத்த நிமிடம் குளிர் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். வேலையில் புலி, இங்கிலீஷில்தான் பூனை. புதிதாக வந்த மேனேஜருக்கோ தமிழ் தெரியாது. அவர் எதைச் சொன்னாலும் பம்பரம் "எஸ் சார்" என்று ஒரு போடு போட்டுவிட்டு, காதில் விழுந்த இரண்டு வார்த்தையை வைத்து மீதியை ஊகித்துக்கொள்வார். திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும் என்று பயம்.

கிடங்குப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார பம்பரத்துக்குக் கொள்ளை ஆசை. வெளியே மூச்சு விடமாட்டார், மனைவிக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். சிரித்த முகமாகக் கடகடவென்று பேசிவிட்டு, "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட். ஸ்லீப் ஆன் இட். டெல் மீ ஆன் மண்டே" என்று முடித்தார்.

அந்த நாற்காலியைத்தான் கொடுக்கிறேன் என்றார் மனிதர். முடிவு உங்கள் கையில், ஆற அமர யோசித்துத் திங்கட்கிழமை சொல்லுங்கள், அவ்வளவுதான். இதை நேராகச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

பம்பரத்தின் காதில் விழுந்தது கோர்ட், ஸ்லீப், மண்டே. போன வாரம் ஒருநாள், மதியம் சாப்பிட்ட களைப்பில் அட்டைப்பெட்டிகள்மேல் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். ஒரு பெட்டி நசுங்கிப்போனது. அதை யாருக்கும் தெரியாமல் பின்வரிசைக்குத் தள்ளியதும் அவர்தான். வேலை நேரத்தில் தூங்கினாய், திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வா. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"எஸ் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். மின்விசிறியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார்.

"எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலையறீங்க? என்னன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

சொன்னார்.

"சிரிச்சுக்கிட்டேவா கோர்ட்டுன்னு சொன்னாரு? எனக்கு என்னமோ இடிக்குது. நாளைக்குப் போய், என்ன சார் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"இதுகூடப் புரியாதவனான்னு நினைக்க மாட்டாரா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாரு!"

அவர் மறுபடி குழாயிடம் போனார்.

திங்கட்கிழமை அவரைக் கண்டதும் மேனேஜர் ஆவலாக நிமிர்ந்தார். பம்பரம் வழியெல்லாம் உருப்போட்டதை ஒப்பித்தார். "நோ கோர்ட், சார். ப்ளீஸ். ஐ டோன்ட் வான்ட்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. "ஆர் யூ ஷூர்?"

"எஸ் சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டுக் கை குலுக்கினார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று பம்பரம் வெளியே வந்து, ஒரு லாரிப் பெட்டிகளை உற்சாகமாக இறக்கி முடித்தார்.

மதியம் கணக்குப் பார்க்கும் பெண் அவரைத் தேடி வந்தாள். "அண்ணே, உங்களுக்கு என்ன பைத்தியமா? பொறுப்பாளர் வேலையை வேணாம்னு சொல்லிட்டீங்களாமே! இப்பதான் வேற ஆளுக்குக் குடுத்தாரு."

"எனக்கா குடுத்தாரு? கோர்ட்டுன்னுல்ல சொன்னாரு!"

"கோர்ட்டும் இல்ல, கேசும் இல்ல. பந்து விளையாடக் கோடு போட்டிருப்பாங்கல்ல, அந்தக் கோர்ட்டு. பந்து உங்க பக்கம் இருக்கு, முடிவு நீங்கதான் சொல்லணும்னு அர்த்தம்."

பம்பரம் மேனேஜர் அறைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். அவள் நடந்ததையெல்லாம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மனிதருக்கு உண்மையாகவே வருத்தம்தான். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியுமா? காலம் கடந்துவிட்டது என்பதை அவருக்குச் சொல்லத் தெரிந்த விதத்தில் சொன்னார்.

"ஸாரி. தட் ஷிப் ஹேஸ் ஸெயில்ட்."

கணக்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பம்பரத்தின் நாக்கு நுனிவரை "எஸ் சார்" வந்துவிட்டது. அதை மென்று விழுங்கினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, அசையாமல் ஓரிடத்தில் நின்று, தமிழிலேயே கேட்டார்.

"எந்தக் கப்பல், சார்?"